என் ஆய்வேட்டை எனக்கு ஒருக்காக் காட்டுவீர்களா?

பெரியநீலாவணை,
கல்முனை.

பெருமதிப்பிற்குரிய பல்கலைக்கழக நூலகர் அவர்களுக்கும், அவரிலும் ஒரு மாத்திரை குறையாத மதிப்பிற்குரிய தகவல் தொழில்நுட்ப நிலையப் பணிப்பாளர் அவர்களுக்கும்,

விடயம்: நான் எழுதிய ஆய்வேட்டை நான் வாசிப்பதற்கு நானே எனக்கு வழங்க வேண்டிய அனுமதி

ஐயா / அம்மணி,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்தைக் கோருகிறேன். கவனம் தற்சமயம் கூட்டத்தில் இருந்தால் அவசரமில்லை. உங்கள் கவுண்டரில் நின்று பழகியவனுக்குப் பொறுமையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நாட்டின் எந்தக் கெம்பஸில் உடைத்தாலும் “இது நம்மட கதைதான்” என்று ஒரு கிளார்க் சிரிப்பார். “இது நமக்கில்லை, பக்கத்துக் கெம்பஸுக்கு” என்று ஒரு மேலதிகாரி கோப்பில் போடுவார். இருவர் மனத்தையும் நோகடிக்க விருப்பமில்லை. கல்முனையில் இரவு பஸ் ஏறினால் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம் உங்கள் வாசலில் இறங்கலாம் என்ற அளவில் அடையாளத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

நான் உங்கள் பழைய மாணவன், இப்போது பாடசாலை ஆசிரியன். ஊர் பெரியநீலாவணை. மருதமுனைக்கு வடக்கே, அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு தொடங்குகிற விளிம்பில் இருக்கிறது. ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் இந்த மண்ணில்தான் பிறந்தார். இயற்பெயர் சின்னத்துரை, அவரும் ஆசிரியர்தான். 1931இல் பிறந்து 1975இல் மறைந்தார். அவருடைய ‘வழி’ தொகுதி 1976இல் வந்தது. தன் கவிதைத் தொகுதியைக் கையில் வாங்கிப் பார்க்க அந்த மனிசனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த மரபை அவரைப் பற்றி எழுதினவனுக்கும் பிசகாமல் காப்பாற்றித் தருகிற உங்கள் நூலகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நான் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு நீலாவணன் கவிதைகளைப் பற்றியது. என்னிடமிருந்த பிரதியை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று எங்கள் கரையே மையித்து எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. காகிதத்தை யார் தேடினார்? வருடங்கள் போன பிறகுதான், உங்களிடம் ஒரு பிரதி இருப்பது நினைவுக்கு வந்தது. சிவப்பு றெக்சின் அட்டை, முதுகில் பொன்னெழுத்து. பைண்டிங் பிழை என்று நீங்களே ஒருதரம் திருப்பி அனுப்பி, கேட்டடிக் கடையில் மறுபடி கட்டுவித்து வாங்கிக்கொண்ட அதே பிரதி.

வந்தேன். கேட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை; எழுந்து நின்றுதான் பேசினார்.

“சேர், இது ஆய்வேடு. எழுதினவரிட எழுத்துமூல அனுமதி இல்லாமக் காட்டேலா.”

“எழுதினவன் நான்தான் தம்பி.”

“அதுக்கு அத்தாட்சி ஏதும்?”

அடையாள அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்தார். “பேர் சரி சேர். ஆனா நீங்கதான் எழுதின என்டு இதில இல்லையே.”

உண்மைதான். ஆட்பதிவுத் திணைக்களம் அந்த ஒரு நிரலை விட்டுவிட்டது. எங்கள் கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழ் வாங்கி வரலாம்; நான் நல்லவன் என்று எழுதித் தருவார், ஆய்வேடு எழுதினவன் என்று எழுதுவாரா? கடைசியில் ஒரு படிவம் தந்தீர்கள். அதில் மேற்பார்வையாளரின் சிபாரிசுக்கு ஓர் இடம். என் மேற்பார்வையாளர் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன என்றேன். தம்பி உள்ளே போய் யாரிடமோ விசாரித்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அப்படியென்டா மரண அத்தாட்சிப் பத்திரத்தின்ட பிரதியை இணைக்கட்டாம் சேர்.”

அறிவைக் களவு போகாமல் காக்க வேண்டியதுதான். ஒருவன் தன் சொந்த ஆய்வேட்டையே பார்த்துக் காப்பியடித்து இன்னொரு பட்டம் எடுத்துவிட்டால், பிறகு உங்கள் முகத்தில் யார் முழிப்பது?

வந்ததற்கு நீலாவணனின் ‘வேளாண்மை’யையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று தேடுபொறிக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தேன். 1982இல் நூலான அந்தக் காவியம் எங்கள் வயற்காரரின் வாழ்வைப் பாடியது. நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக 1999இல் எழுதத் தொடங்கி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கு விட்டது. தமிழ் எழுத்தை அது மறுப்பதில்லை. மறுத்தது நாம். தமிழில் ‘வேளாண்மை’ என்று அடித்தேன், பெறுபேறு பூச்சியம். உங்கள் பதிவேட்டில் தமிழ்ப் புத்தகங்கள் ஆங்கில உடுப்புப் போட்டுத்தான் இருக்கின்றனவாம். சரி, ஆங்கில எழுத்தில் அடித்தேன். ‘வே’க்கு ஒரு ஈயா இரண்டு ஈயா? ‘ளா’வுக்கு ஏ ஒன்றா இரண்டா? எழுத்துக்குக் கீழே புள்ளியா, மேலே கோடா? பட்டியல் போட்ட உத்தியோகத்தர் அன்று காலை எந்த மனநிலையில் இருந்தார் என்று தெரியாமல் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

புத்தகம் கிடைத்தது. கொம்பியூட்டரால் அல்ல, தூசு தட்ட வந்த அக்காவால். டூயி 1876இல் வகுத்த எண்முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. விவசாயத்துக்கு 630. எங்கள் கவிஞரை நீங்கள் 630இல் வைத்திருந்தீர்கள். ஒரு பக்கம் உரப் பாவனைக் கைநூல், மறுபக்கம் நெற்பயிரைத் தாக்கும் நோய்கள். நடுவில் காவியம். முதலில் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. வயற்காரனைப் பாடிய மனிசன் வயலோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்; விவசாயம் படிக்க வந்த பிள்ளை தற்செயலாக எடுத்து நாலு வரி வாசித்தால் நன்மைதானே. ஆனால் தமிழ் படிக்க வந்த பிள்ளைகள் எத்தனை பேர் 894இல் தேடிவிட்டு, “லைப்ரரில இல்லை” என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்?

இனித் தொழில்நுட்ப நிலையப் பணிப்பாளர் அவர்களுக்கு. என் மகள் இப்போது உங்களிடம்தான் படிக்கிறாள். பதிவுத் தளத்துக்கு ஒரு பாஸ்வேட், பாடத் தளத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வை-பைக்கு ஒன்று, ஈ-மெயிலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறியீடு. மூன்று மாதத்துக்கொருதரம் எல்லாம் காலாவதி. ஈ-மெயில் பாஸ்வேட் மறந்துபோனால் புதியது எடுக்கும் இணைப்பை அனுப்புகிறீர்கள். எங்கே? அதே ஈ-மெயிலுக்கு. “வாப்பா, திறக்கேலாத பெட்டிக்குள்ள திறப்பப் போட்டுப் பூட்டியிருக்காங்க” என்றாள். உங்கள் நிலையத்தைப் பற்றி இதுவரை சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வுகளில் இதைவிடச் சுருக்கமானது இருக்காது.

பாதுகாப்புக்குத்தான் என்பீர்கள். இந்தச் சடங்கையெல்லாம் 2003இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்துக்காக விதியாக எழுதிய பில் பர் என்பவரே, தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017இல் ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். காரணமில்லாமல் தவணைக்குத் தவணை பாஸ்வேட்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிஸ்ட்டும் அதே வருடம் புதிய வழிகாட்டியில் எழுதிவிட்டது. எழுதினவர் வருந்தி முடித்தாயிற்று. உங்கள் விதி மட்டும் இன்னும் வருந்தவில்லை. அடிக்கடி மாற்றச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். விரிவுரையாளர்கள் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டுகிறார்கள்.

எடுரோம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கெம்பஸில் பெற்ற கணக்கோடு உலகத்தில் அதில் சேர்ந்த எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் வை-பை பிடிக்கும். நமது நாட்டுக்கு அதைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு கொண்டுவந்து தந்திருக்கிறது. மிக நல்ல விடயம். என் மகள் லண்டனுக்கோ டோக்கியோவுக்கோ போனால் நெட்டுக்குக் குறைவிருக்காது. விடுதியில் இருக்கும்வரைதான் சிரமம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கோடு, கட்டிலுக்கு வந்தால் அதுவும் இல்லை.

முடியாது என்பதால் இப்படி இருக்கவில்லை. 2020 கொரோனா முடக்கத்தில் அதே லேர்ன் வழியாக, டேட்டாக் காசில்லாமல் நாட்டின் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சூம் வகுப்புக் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு போனைச் சுற்றி மூன்று பேர் இருந்து கேட்டதைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று நினைத்தால் நடக்கும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. மரண அத்தாட்சிப் பத்திரமும் வேண்டியதில்லை.

உங்கள் இருவருக்கும் தெரியாமல் ஒரு மூன்றாவது நிறுவனம் கெம்பஸின் நூலகத்தையும் தொழில்நுட்பப் பிரிவையும் சேர்த்து நடத்துகிறது என்பதையும் அறியத்தர வேண்டும். கேட்டுக்கு வெளியே, நானாவின் கொமினிகேஷன் கடை. காலை ஏழு மணிக்குத் திறக்கும். கடைசிப் பிள்ளை போகும்வரை பூட்டாது. உள்ளே போக அட்டை தேவையில்லை. பென்டிரைவ் கொண்டுவந்தால் வைரஸைத் துப்பரவாக்கிவிட்டுத்தான் பிரின்ட் எடுப்பார். முதலாம் வருடத்துக்கு எந்தப் பேராசிரியரின் நோட்ஸ், மூன்றாம் வருடத்துக்கு எந்தப் புத்தகத்தின் எந்த அத்தியாயம் என்று நினைவிலிருந்தே சொல்வார். அவரிடம் டூயி எண் இல்லை. எந்தத் தாள் எந்தத் தட்டில் என்பது தெரியும். தற்காலிக விரிவுரையாளர்களும் வினாத்தாளுக்குத் தாள் இல்லாத நாளில் சொந்தக் காசோடு அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு மேல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் முடங்கிக் கிடந்தபோது ஒரு நாளும் பூட்டாமல் இருந்த கல்விக் கூடம் அது ஒன்றுதான்.

குறை சொல்லிக்கொண்டே போகக்கூடாது. கெம்பஸ் வெளியீடுகளை எல்லாம் இணையத்தில் சேமிக்கும் களஞ்சியம் ஒன்று அமைத்திருக்கிறீர்கள். எம்ஐடியும் ஹெச்பியும் 2002இல் வெளியிட்ட டீஸ்பேஸ் மென்பொருள், அதற்கும் காசில்லை. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, ரிப்பன், சிற்றுண்டி எல்லாம் நடந்ததாக அறிந்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். வருடாந்த அறிக்கைகள் இருக்கின்றன, பட்டமளிப்பு மலர்கள் இருக்கின்றன, அந்தத் திறப்பு விழாவின் படங்களும் இருக்கின்றன. ஆய்வேடுகளுக்குத் தலைப்பு மட்டும் தெரிகிறது. அதைத் தொட்டால் ‘அனுமதி இல்லை’. 2013இல் பெரிய விழாவோடு திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மண் மூடிய கதை எங்கள் கரையில் மீன் பிடிக்கிற யாருக்கும் தெரியும். திறப்பு விழா வேறு, திறந்திருப்பது வேறு.

சரி, பூட்டித்தான் வைத்திருக்கிறீர்கள், பத்திரமாகவாவது வைத்திருக்கிறீர்களா? 2023 ஒக்டோபரில் லண்டன் பிரித்தானிய நூலகத்தைக் கணினிக் களவாளிகள் தாக்கினார்கள். நூற்பட்டியலை மறுபடி வாசகர் கண்ணில் காட்ட 2024 ஜனவரி ஆனது. ஆனால் அவர்கள் என்ன நடந்தது, எங்கே பிழைத்தது என்று அறிக்கை எழுதி வெளியிட்டார்கள். எங்கள் பக்கத்திலும் அதே 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினியில் இப்படி நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச ஈ-மெயில்கள் திரும்பாமலே போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இல்லையாம். பிரதி இல்லாமல் ஒன்றே ஒன்றை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் கரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் படித்துவிட்டது. என் ஆய்வேட்டின் ஒரே பிரதி உங்கள் கீழ்மாடியில் இருக்கிறது. மழைக்கு அங்கே கசிவு உண்டு என்று தூசு தட்டும் அக்கா சொன்னார்.

வீடு திரும்பி, மகளின் போனில் நூலகம் இணையத்தளத்தைத் திறந்தேன். 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய வேலை. அதற்கு முன்பே 1998இல் தொடங்கியது மதுரைத் திட்டம். தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளில் இருந்து தட்டச்சிட்டு இலவசமாகத் தந்தார்கள். நூலகம் திட்டத்தார் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி ஏற்றி, இன்று அது ஒரு இலட்சம் ஆவணங்களைத் தாண்டிவிட்டது. தமிழில் தேடினேன், தமிழிலேயே பதில் வந்தது. ஈ எத்தனை என்று கேட்கவில்லை. என் மேற்பார்வையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கவுமில்லை. அவர்களுக்கு உபவேந்தர் இல்லை, பீடாதிபதி இல்லை, பீடங்கள் இல்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது; 97,000 நூல்கள். அதற்கு எங்கள் கல்முனைக்காரர் எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ கவிதையை உங்கள் மாணவர்கள் மேடையில் மனனமாகச் சொல்கிறார்கள். நீங்களும் முன்வரிசையில் இருந்து கண் கலங்குகிறீர்கள். எரித்தவனை நமக்குத் தெரியும், சபிக்கவும் தெரியும். பூட்டி வைத்தே வாசகனை விரட்டுகிற நூலகத்துக்கு எவரும் கவிதை எழுதுவதில்லை. அதற்கு நாம் முன்னேற்ற அறிக்கைதான் எழுதுகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுதும் நூலகவியல் பாடத்தின் முதல் வகுப்பு அது. நீங்களும் படித்துத்தான் பதவிக்கு வந்திருப்பீர்கள். நடைமுறையில் நீங்கள் செய்திருக்கும் திருத்தங்களை, வருங்கால மாணவர் நலன் கருதி, தொகுத்துத் தருகிறேன்:

1. நூல்கள் இருப்பெடுப்புக்கே.
2. ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு படிவம்.
3. ஒவ்வொரு படிவத்துக்கும் இன்னொரு படிவம்.
4. வாசகனின் நேரம் வாசகனுடையது. அதில் நூலகம் தலையிடாது.
5. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டடம்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்குச் சந்தா கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அறிவேன். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்டில் சேவரை ஓட வைத்ததும் சின்ன வேலையில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. கவுண்டர் தம்பி மூன்று பேரின் வேலையைச் செய்கிறார். விதியை எழுதினவர் அவர் இல்லை. அதனால்தான் என் கோரிக்கைகளை ஒரு டொலர்கூடச் செலவில்லாதவையாகப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழ் எழுத்தில் பதியுங்கள். ஆங்கிலத்தில் வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு வரியாக இருக்கட்டும். தமிழ்த்துறைப் பிள்ளைகளிடம் விடுமுறையில் கேட்டால் வந்து அடித்துத் தருவார்கள்.

பட்டம் கொடுத்து முடித்த ஆய்வேடுகளை எல்லோரும் வாசிக்க விடுங்கள். மறைக்க வேண்டிய காரணம் உள்ளவர் எழுதிக் கேட்கட்டும். வாசிக்க விரும்புகிறவன் எழுதிக் கேட்கும் முறையைத் தலைகீழாக்குங்கள். பொதுப்பணத்தில் படித்து எழுதியவை அவை.

பழைய பிரதிகளை ஸ்கேன் பண்ணக் காசில்லை என்றால் நூலகம் நிறுவனம் போன்றவர்களோடு பேசுங்கள். அவர்களிடம் அனுபவம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது திறப்பு மட்டும்தான்.

பாஸ்வேட் மறந்த பிள்ளை அடையாள அட்டையோடு கவுண்டருக்கு வந்தால் அங்கேயே புதியது கொடுங்கள். முகத்தைப் பார்த்து அட்டையைப் பார்த்துக் கொடுப்பதைவிடப் பாதுகாப்பான வழி எந்தக் கணினியிலும் இல்லை.

வெளியூர் வாசகருக்கு ஒரு நாள் அட்டை கொடுங்கள். பாடசாலை விட்டு, இரவு பஸ்ஸில் வந்து, மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்புகிற ஆசிரியர்கள் இந்த நாட்டில் இருக்கிறோம். எங்களில் பலர் உங்கள் வெளிவாரிப் பட்டதாரிகள்; கட்டணத்தை மட்டும் உள்வாரியாக வாங்கிக்கொள்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. வருட முடிவில் எத்தனை புத்தகம் வாங்கினீர்கள், எத்தனை கொம்பியூட்டர் இறக்கினீர்கள், எத்தனை பேர் வாசலில் கையொப்பம் வைத்தார்கள் என்று மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதுகிறீர்கள். அந்த அறிக்கையில் இன்னொரு நிரல் சேருங்கள்: கேட்டது கிடைக்காமல் திரும்பியவர் எத்தனை பேர். அந்த எண்ணிக்கை குறைந்தால் நூலகம் நடக்கிறது. மற்ற எண்ணிக்கைகள் எல்லாம் தளபாடப் பட்டியல்.

இந்த வருடத்துக்கு அந்த நிரலில் ஒரு பெயரை நிச்சயமாக எழுதலாம். நான் இன்னும் என் ஆய்வேட்டைப் பார்க்கவில்லை.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
பழைய மாணவன், பெரியநீலாவணை.

இணைப்பு: எனக்கு நானே வழங்கிய அனுமதிக் கடிதம், மூன்று பிரதிகளில்.

பிரதிகள்:
1. உபவேந்தர் – தகவலுக்காக.
2. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு – அவசிய நடவடிக்கைக்காக, அல்லது வழமையான நடவடிக்கைக்காக.
3. கேட்டடிக் கொமினிகேஷன் நானா – நன்றியோடு. என் ஆய்வேட்டைப் பைண்ட் பண்ணிய அன்று, பிள்ளைகளுக்கு உதவும் என்று ஒரு போட்டோகொப்பி எடுத்து வைத்திருந்தால், தயவுசெய்து விலையைச் சொல்லுங்கள்.